தீர்த்தகிரி என்ற கோப்பு

பாப்பாரப்பட்டி,
9-7-1988

செல்வி பரிதாவுக்கு,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்த விவரம், தர்மபுரியில் உன் தகப்பனார் காசிம் அவர்களின் கடைக்குத் தாழ்ப்பாள் வாங்கப்போன எங்கள் வாட்ச்மேன் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாதம் எங்கள் தாய்சேய் நல மனையில் கம்ப்யூட்டர் வேலை செய்தவள், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போட்டிருக்கலாம். என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரிகள் இதை மரியாதைக் குறைவு என்பார்கள். எனக்கும் அந்தக் கருத்துதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, தடுப்பூசி நாள். நாற்பத்திரண்டு தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் வைக்காத குழந்தைக்குத் தாயின் பெயரில் கோப்பு, பெயர் வைத்தபின் நான்காம் எண்ணை அழுத்திக் குழந்தையின் பெயருக்கு மாற்றவேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே நர்ஸ் குள்ளம்மாள் செய்தாள். கம்ப்யூட்டர் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். எந்த விசைக்கும் அசையவில்லை.

“நான் ஒண்ணும் பண்ணலைங்கம்மா, அதுவே கோவிச்சிக்கிச்சு” என்று குள்ளம்மாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். மறுபடி போட்டோம். மறுபடி கோபித்துக்கொண்டது. காலையில் இரண்டு தடவை மின்சாரமும் போய் வந்தது. அந்தக் குழந்தையின் பெயரை மாற்றாமலே விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தோம்.

என் கணவர் டாக்டர் சவுரியப்பன் இருபத்தெட்டு வருடம் இந்த மனையை நடத்தினார். ஒரு வெள்ளிக்கிழமைகூட வரிசை நின்றதில்லை. உன் புரோகிராம் எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் நிற்கக்கூடாது. தபாலிலேயே சரிசெய்ய முடியுமானால் எழுது.

ராணியம்மாள் சவுரியப்பன்
கௌரவச் செயலாளர்


பெங்களூர்,
14-7-1988

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கார்டு போடாதது தப்புதான். மன்னியுங்கள். இங்கே என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுப் போக வந்த வாப்பா மூன்று நாள் தங்கிவிட்டார். அவருக்கு மூன்று வேளையும் களி கிடைக்கிற ஓட்டல் தேடியதிலேயே வாரம் ஓடிப்போனது.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெயர் மாற்றும்போது மின்சாரம் போயிருக்கிறது. அதனால் புதுப் பெயரில் அரைகுறையாக ஒரு ஃபைல் நின்றிருக்கும். அதனால்தான் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்கிறது. அந்த அரைகுறையை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பெயரை மாற்றும்படி செய்தால் எப்போதும் நிற்காது. அதற்கு இரண்டே வரிகள். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வரி எண்ணோடு அப்படியே அடித்துச் சேமித்துவிடுங்கள். மேற்கோள் குறி, கால்புள்ளி எதுவும் மாறக்கூடாது.

ஒரு சின்ன விஷயம். ஃபைலின் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். அதனால்தான் ஆரம்பத்தில் குழந்தைக்கு ஒரு எண் கொடுக்கலாம் என்றேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. இப்போதும் யோசித்துப் பாருங்கள்.

பணிவுடன்,
பரிதா


பாப்பாரப்பட்டி,
23-7-1988

செல்வி பரிதாவுக்கு,

உன் இரண்டு வரிகளையும் நானே அடித்தேன். ஒரு குறிகூடப் பிசகவில்லை. நேற்று அறுபது நிமிடத்தில் முப்பத்தொன்பது குழந்தைகள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை திட்டாமல் கம்ப்யூட்டர் ஓடியது. போன தடவை நின்றுபோன குழந்தையின் பெயரும் முதல் அழுத்தலிலேயே மாறிவிட்டது.

எண் விஷயம். குழந்தைகளை எண் சொல்லிக் கூப்பிட இது ஜெயில் அல்ல. இதை ஒருமுறை நேரிலும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லவைக்காதே.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. நீ வந்தபோது பெட்டியில் பத்து ஃபிளாப்பி இருந்தது. நான் எண்ணி வாங்கியது. இப்போது ஒன்பது. இந்த மனையின் நோயாளிகளைப் பற்றிய ஒரு தாள்கூட வாசலைத் தாண்டக்கூடாது என்பது என் கணவர் காலத்து விதி. முதல் நாளே உனக்குச் சொன்னேன். நேராகவே கேட்கிறேன். நீ எடுத்துப் போனாயா?

ராணியம்மாள் சவுரியப்பன்


பெங்களூர்,
29-7-1988

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இதோடு ஒரு புதிய ஃபிளாப்பி வைத்திருக்கிறேன். பத்தாகிவிட்டது.

ஒரு மாதம் நான் கூலி வாங்காமல் வேலை செய்தேன். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. திருட்டுப் பழி கேட்கவும் நான் அங்கே வரவில்லை. இனி புரோகிராமில் சந்தேகம் வந்தால், தர்மபுரியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பரிதா


பாப்பாரப்பட்டி,
1-10-1988

செல்வி பரிதாவுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. எழுதும் எண்ணமும் இல்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை.

ஜூன் பத்தாம் தேதி நீ இங்கேதான் இருந்தாய். அன்று முத்தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட ஒரு ஆண் குழந்தைக்கு அன்று இரவே இரண்டு தடவை வலிப்பு வந்தது. மறுநாள் காலை தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். குள்ளம்மாள் தம்பி கல்யாணத்துக்கு லீவு. டாக்டர் சொல்லச்சொல்ல நானே குறிப்பை அடித்தேன். “இனி இந்தக் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போடக்கூடாது. கக்குவான் மருந்து கலக்காத ஊசி மட்டுமே.” அந்த ஊசி நம்மிடம் இல்லை. சேலத்துக்கு எழுதினோம். ஜூலை முதல் தேதி அந்தத் தாய் வந்து, தீர்த்தகிரி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றாளாம். குள்ளம்மாள் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, மருந்து வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பியிருக்கிறாள்.

மருந்து இந்த வாரம்தான் வந்தது. தீர்த்தகிரி என்ற கோப்பைத் திறந்தேன். அதில் வலிப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. தகப்பன் பெயர் கிருஷ்ணப்பன், ஊர் கடத்தூர். மூன்று முத்தடுப்பு ஊசியும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, எடையும் கூடி, திவ்யமாக இருக்கும் குழந்தை. இது அவன் இல்லை. அவனுடைய கோப்பு எங்கேயும் இல்லை.

அன்று இருந்தவர் மே, ஜூன் மாதங்களுக்கு மட்டும் வந்த மாற்று டாக்டர். அவருக்கு எழுதிக் கேட்டேன், நினைவில்லை என்கிறார். காகிதப் பதிவேட்டை நிறுத்தியவள் நான்தான். இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டிலும் பிழை வரும் என்றேன். அந்தத் தாயின் பெயரோ ஊரோ குள்ளம்மாளுக்கு நினைவில்லை, எனக்கும் நினைவில்லை, பரிதா. குறிப்பில் எழுத்துப் பிழை வரக்கூடாது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதிய டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தை ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றால், குறிப்பு இல்லாததால் அதே ஊசியைப் போட்டுவிடுவோம். ஆகவே நேற்று தீர்த்தகிரி என்ற பெயருள்ள எவனுக்கும் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டேன். பெரியவனும் சின்னவனுமாக நான்கு தீர்த்தகிரிகள் வந்தார்கள். தீர்த்தமலைச் சாமியின் பெயரை மூத்த பிள்ளைக்கு வைக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு என்பது உனக்கும் தெரியும். ஒரு தாய் விடவில்லை. “ஏனுங்க, சாமி பேரு வெச்சா ஊசி கெடையாதுங்களா? அப்ப ராஜான்னு மாத்திக்கிட்டு வரட்டுங்களா?” என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பு எங்கே போனது? திரும்ப வருமா?

ராணியம்மாள்


பெங்களூர்,
5-10-1988

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி வந்திருக்கும். தந்தியில் பெயரும் ஊரும்தான் கொடுக்க முடிந்தது. மற்றதை இதில் எழுதுகிறேன்.

ஃபைல் திரும்ப வராது. அதை அழித்தது நான் அனுப்பிய முதல் வரி.

நடந்தது இதுதான். ஜூலை முதல் தேதி நீங்கள் தேடும் குழந்தையின் ஃபைல், தாயின் பெயரிலிருந்து தீர்த்தகிரி என்று மாறியது. எட்டாம் தேதி கடத்தூர் குழந்தைக்கும் அதே பெயரை வைக்கப்போனார்கள். ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நின்றது. அது கோபித்துக்கொள்ளவில்லை அம்மா, காவல் காத்தது. நான்தான் மின்சாரம் போனதில் அறுந்த அரைகுறை என்று நினைத்துக்கொண்டு, ‘பழையதை அழி, பிறகு பெயரை மாற்று’ என்று எழுதி அனுப்பினேன். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுதியது. எந்தப் பெயருக்கு நின்றது என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். தீர்த்தகிரி என்று நீங்கள் பதில் போட்டிருந்தால், தர்மபுரியில் பிறந்த எனக்கு அது போதாதா? என் வகுப்பில் மட்டும் ஐந்து தீர்த்தகிரிகள். இனிஷியல் சொல்லித்தான் அடிப்பார்கள்.

அந்த வரியில் ‘கில்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்ததே, அதை அடிக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கத் தோன்றியது. பிறகு, அதை எழுதியவளுக்கே வரவில்லையே என்று விட்டுவிட்டேன்.

இனி இன்னொன்று. ஜூலையில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஃபிளாப்பியை எடுத்தது நான்தான். கிளம்புவதற்கு முந்தின நாள், ஜூன் முப்பதாம் தேதி, எல்லா ஃபைல்களையும் அதில் நகல் எடுத்தேன். ஒரு புரோகிராமை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு நகலில்லாமல் வர எனக்குப் பயம். கேட்டால் கொடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. பிறகு புது ஃபிளாப்பி அனுப்பி, கோபப்பட்டு எழுதினேன். அது பொய்யைவிட மோசம்.

உங்கள் கடிதம் வந்த அன்று அந்த ஃபிளாப்பியில் தீர்த்தகிரி என்று தேடினேன். இல்லை. அப்புறம்தான் அந்தத் தேதியில் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை என்பது உறைத்தது. அறுபத்தொரு ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாற்பத்தேழாவதில் நீங்கள் அடித்த குறிப்பு அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

தாய் நஞ்சம்மாள். தகப்பன் மாதையன். பாலக்கோடு சாலையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டிய பச்சியப்பன் கொட்டாய். குழந்தை பிறந்தது ஏப்ரல் பத்தொன்பது.

போய்ப் பார்த்தீர்களா? எழுதுங்கள்.

பரிதா


பாப்பாரப்பட்டி,
15-10-1988

அன்புள்ள பரிதாவுக்கு,

புதன்கிழமை போனேன். குள்ளம்மாளும் வந்தாள். பாலக்கோடு போகும் பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போய், இறங்கி ஒன்றரை மைல் நடந்தோம். கொட்டாயில் மொத்தம் ஏழு வீடுகள். தீர்த்தகிரியின் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் விழித்தார்கள். அப்படி ஒரு குழந்தை இங்கே கிடையாது என்றார்கள். நஞ்சம்மாள் என்றதும்தான் கடைசி வீட்டைக் காட்டினார்கள்.

அவள் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“ஆஸ்பத்திரி அம்மாங்களா? எங்க வூட்டுக்கா வந்தீங்க?”

தீர்த்தகிரியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

“அந்தப் பேரு இப்ப இல்லீங்க. இழுப்பு வந்த புள்ளைக்கு அந்தப் பேரு ஆவாதுன்னு எங்க மாமியாரு அப்பறம் எடுத்துட்டாங்க. இப்ப பச்சியப்பன்னு கூப்புடறோம். பாட்டன் பேரு.”

இதை நீ யோசித்துப் பார்க்கவேண்டும். நான் நான்கு தீர்த்தகிரிகளைத் தடுத்து நிறுத்தினேன் அல்லவா? அவன் வந்திருந்தால் பச்சியப்பனாக வந்திருப்பான். அப்படி ஒரு கோப்பு இல்லை, புதுக் குழந்தை என்று குள்ளம்மாள் புதிதாக ஒன்று தொடங்கி, முதல் ஊசியிலிருந்து ஆரம்பித்திருப்பாள். என் தடை அவனைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் அவன் வரவேயில்லை. இனி எந்த ஊசியும் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

ஊசிக்கு வரத் தவறிய குழந்தைகளின் பட்டியலை மாதாமாதம் உன் புரோகிராம் அச்சடித்துக் கொடுக்கிறது. அதை நான் வரி வரியாகச் சரிபார்க்கிறேன். இவன் பெயர் அதில் ஒருமுறைகூட வரவில்லை. எப்படி வரும்? தீர்த்தகிரி தவறாமல் வந்துகொண்டிருந்தானே, கடத்தூரிலிருந்து.

நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். உன் குழந்தையைப் பற்றிய குறிப்பைத் தொலைத்துவிட்டோம், தப்பு எங்களுடையது, நான்தான் என் கையால் அழித்தேன் என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அவள் கையில் இருந்த அவரையை முறத்தில் போட்டாள்.

“காயிதந்தானுங்களே தொலஞ்சது. புள்ள இங்கதான இருக்கறான்” என்றாள். இன்னொன்றை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னாள்: “மருந்து வந்ததும் சொல்லி அனுப்பறோம்னீங்க. மூணு மாசம் ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏன் வல்லன்னு கேக்க ஒரு ஆளு வல்ல. செரி, நம்ம புள்ளய மறந்துட்டாங்கன்னு நானும் உட்டுட்டேன்.”

அவளுடைய மாமியார் உள்ளேயிருந்தே பேசினார். “ஒருக்கா போட்டு இழுத்துக்கிட்டது போதாதா ஆத்தா? திரும்ப வேற போடோணுமா? மறுக்கா இழுத்தா கூட இருந்து பாக்கறது ஆரு, நீயா?”

குள்ளம்மாள் அந்த அம்மாளை அதட்டப்போனாள். நான் தடுத்தேன். அது நியாயமான கேள்வி. கக்குவான் மருந்துதான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இதில் அது கிடையாது, இதைப் போடாவிட்டால் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் காப்பு இல்லை என்று சொன்னேன். வரும் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வாருங்கள், மறுநாள் விடியும்வரை மனையிலேயே தங்கலாம், நான் கூட இருக்கிறேன் என்றும் சொன்னேன். வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிவந்து காட்டினாள். நல்ல கனம். என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

நீ ஃபிளாப்பி எடுத்துப் போனதைப் பற்றி. அது என் கணவரின் விதியை மீறிய செயல். நீ விதியை மீறியிருக்காவிட்டால் நான் அந்தக் கொட்டாய்க்குப் போயிருக்க முடியாது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க இன்னும் எனக்குப் பழக்கம் வரவில்லை. ஜூலையில் எழுதிய கடிதத்தின் தொனிக்கு வருந்துகிறேன். கேள்விக்கு வருந்தவில்லை.

‘கில்’ என்ற சொல்லை நான் கவனித்தேன். உங்கள் தொழிலில் மரியாதை அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ராணியம்மாள்


பெங்களூர்,
18-10-1988

அன்புள்ள அம்மா,

தபாலில் இனி வரி அனுப்பமாட்டேன். நவம்பர் முதல் வாரம் லீவு கேட்டிருக்கிறேன், நேரில் வருகிறேன். அதுவரை நான்காம் எண்ணை யாரும் தொடவேண்டாம். எல்லாக் குழந்தையும் தாயின் பெயரிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு வரியில் முதல் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். வரி எண்ணை அடித்து, எதுவும் எழுதாமல் என்டர் அழுத்தினால் போய்விடும். மறுபடி அது நிற்கும். நிற்கட்டும்.

வரும்போது ஜூன் மாத நகலையும் கொண்டுவருகிறேன். அறுபத்தொரு குழந்தையையும் இப்போது இருக்கும் ஃபைல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இன்னொரு பெயரும் இப்படி மறைந்திருந்தால்? அந்தப் பக்கம் மாதையன்களும் குறைவில்லையே.

வெள்ளிக்கிழமை நஞ்சம்மாள் வந்தார்களா என்று உடனே எழுதுங்கள். நீங்கள் எழுதும்வரை எனக்கு இங்கே வேலை ஓடாது.

பரிதா


பாப்பாரப்பட்டி,
21-10-1988
மாலை நான்கு மணி

அன்புள்ள பரிதா,

உடனே எழுதச் சொன்னாய். மனையின் பின்கட்டில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து சுமாராக இருக்கும்.

காலை ஒன்பது மணி வரிசையில் அவர்கள் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. பெயர் எதுவும் கேட்காமல், கம்ப்யூட்டரையும் போடாமல், ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்த்தேன். பன்னிரண்டரைக்குக் குள்ளம்மாள் ஐஸ் பெட்டியை மூடப்போனாள். இன்னும் கால் மணி இருக்கட்டும் என்றேன். மூன்று தடவை அப்படிச் சொல்லவேண்டியிருந்தது.

ஒன்றேகாலுக்கு வந்தார்கள். நஞ்சம்மாள், மாதையன், மாமியார், ஒரு தூக்குச்சட்டி, இரண்டு போர்வை. தங்குவதற்கென்றே வந்திருக்கிறார்கள். மாமியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “சொன்ன மாரி நீ இருப்பியா, இல்ல வூட்டுக்குப் போயிருவியா?” என்றார். இருப்பேன் என்றேன். “அப்ப போடு” என்றார்.

மருந்துச் சீசாவை நஞ்சம்மாள் கையில் வாங்கிப் பார்த்தாள். குள்ளம்மாள் அதில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். டாக்டர் ஊசி போட்டார். அழுதான். நஞ்சம்மாளும் அழுதாள். மாதையன் வெளியே போய் நின்றுகொண்டார்.

இரண்டரை மணி நேரம் ஆகிறது. குழந்தை தொட்டிலில் தூங்குகிறான். உடம்பு லேசாகச் சுடுகிறது. அது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன முறை எட்டு மணி நேரம் கழித்துத்தான் வலிப்பு வந்ததாம். ஆகவே இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. கடிதத்தை முடிக்காமல் வைக்கிறேன்.

ஏழு மணி. கண் விழித்தான், பால் குடித்தான். சூடு ஏறவில்லை. மாமியார் எனக்கும் ஒரு கிண்ணத்தில் களியும் கீரையும் கொடுத்தார். நான் ஸ்பூன் தேடியதைப் பார்த்து, “கை இல்லியா ஆத்தா ஒனக்கு?” என்றார். நன்றாக இருந்தது.

22-10-1988, காலை ஆறு மணி. எட்டு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த அம்மாள் விழித்திருக்கும்வரை நானும் விழித்திருந்தேன். பிறகு அவர் தூங்கிவிட்டார், நான் தூங்கவில்லை. வலிப்பு வரவில்லை. இப்போது பசிக்கு மனையே அதிர அழுதுகொண்டிருக்கிறான். குள்ளம்மாள் காதைப் பொத்திக்கொள்கிறாள். நஞ்சம்மாள் சிரிக்கிறாள். அவர்களுக்கு முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. அதிலேயே பாலக்கோடுவரை போகும் மாதையனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தால், அங்கே காலைத் தபாலில் சேர்ந்துவிடும்.

ராணியம்மாள்